சீப்ரா பின்ச் குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டுவதில்லை: பிழை தீனிலா, கூண்டிலா?

கேள்வி: கல்லடி வாசி (மட்டக்களப்பு)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வளவில், கிணற்றடிக்கும் மதிலுக்கும் இடையில், 6 அடி நீளமும் 4 அடி அகலமும் ஆறரை அடி உயரமும் கொண்ட கம்பிவலைக் கூண்டு ஒன்றை அமைத்து, கடந்த 9 மாதங்களாகப் பின்ச் குருவிகளை வளர்த்து வருகிறேன். இப்போது அதில் 4 சோடி சீப்ரா பின்ச்சுகளும் 5 பெங்கலீஸ் பின்ச்சுகளும் இருக்கின்றன. கூரை தகரம், மேற்குப் பக்கத்தை மாத்திரம் பலகையால் அடைத்திருக்கிறேன். கூடு கட்டுவதற்காக 5 சிறிய மண்முட்டிகளைத் தொங்கவிட்டு, தேங்காய்த் தும்பை ஒரு மூலையில் எப்போதும் கிடக்கும்படி வைத்திருக்கிறேன். தீனாகக் கடையில் விற்கும் தினையையே கொடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் பொன்னாங்காணியோ வல்லாரையோ கட்டித் தொங்கவிடுவேன். தண்ணீரை நாள்தோறும் மாற்றுகிறேன்.

சீப்ராக்கள் முட்டையிடுவதில் எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு சோடியும் 4 முதல் 6 முட்டைகள் வரை இடுகிறது. 12 அல்லது 13 நாட்கள் அடைகாத்தபின் குஞ்சுகளும் பொரிக்கின்றன. அதன் பிறகுதான் துயரம் தொடங்குகிறது. பொரித்த மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கூண்டின் தரையில் இறந்து கிடக்கின்றன. இதுவரை 5 அடைகளில் 22 குஞ்சுகள் பொரித்தன. இறகு முளைத்துக் கூட்டை விட்டு வெளியே பறந்தவை 3 மாத்திரமே. காலையில் அவற்றைப் பொறுக்கி எடுத்துப் புதைப்பது எனக்கும் என் மகளுக்கும் தாங்க முடியாத வேலையாகிவிட்டது. இது நோயா, தீனின் குறைபாடா, அல்லது கூண்டில் நான் செய்திருக்கும் பிழையா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

இன்னொரு விடயமும் உண்டு. வயலில் வலை வைத்துச் சில்லைக் குருவிகளைப் பிடிக்கும் தெரிந்தவர் ஒருவர், அவற்றில் இரண்டு சோடியை இதே கூண்டில் விடுமாறு கூறுகிறார். அப்படி விடலாமா?

பதில் 1: சம்மாந்துறை வயலோரம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி.

நோய் என்று எண்ணி மருந்து தேடுவதற்கு முன்னர் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை தரையில் ஒரு குஞ்சைக் கண்டால், அதன் கழுத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொரித்து ஒரு வாரம் ஆகாத பின்ச் குஞ்சின் தோல் மிகவும் மெல்லியது. கழுத்தின் பக்கத்தில் தீன்பை புடைத்திருந்தால் உள்ளே கிடக்கும் தினை மணிகள் வெளியிலிருந்தே தெரியும். தீன்பை வெறுமையாக இருந்தால், பெற்றவை ஊட்டவில்லை, அல்லது ஊட்டுவதற்குத் தகுந்த உணவு அவற்றிடம் இல்லை. தீன்பை நிறைந்திருக்கக் குஞ்சு வெளியே கிடந்தால், அது பசியால் இறக்கவில்லை. ஏதோ ஒன்று அதனை வெளியே தள்ளியிருக்கிறது. இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. 14 ஆண்டுகளாகப் பின்ச் வளர்க்கும் நான், முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த ஒன்றைப் பார்க்கத் தெரியாததனால் எத்தனையோ குஞ்சுகளை இழந்தேன்.

ஆயினும், நீங்கள் எழுதியதைப் படித்த அளவிலேயே தீனில் குறை இருப்பது தெரிகிறது. வளர்ந்த சீப்ரா பின்ச் ஒன்றின் எடை 12 கிராம் அளவில்தான் இருக்கும். அது இடும் முட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 கிராம். ஆகவே, 5 முட்டைகளை இட்டு முடிக்கும்போது பெட்டை தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஐந்தே நாட்களில் வெளியே கொடுத்துவிடுகிறது. பொரிக்கும்போது 1 கிராம்கூட இல்லாத குஞ்சு, இரண்டு வாரங்களில் ஏறத்தாழப் பத்து மடங்காக வளர வேண்டியிருக்கிறது. தினையில் 100 கிராமுக்கு 12 கிராம் அளவில் புரதம் இருந்தாலும், தசையும் இறகும் உருவாவதற்கு வேண்டிய லைசின் என்ற புரதக்கூறு அதில் மிகவும் குறைவு. கல்சியமோ 31 மில்லிகிராம் அளவுதான். நம்முடைய குரக்கனில் அதே 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் வரையில் கல்சியம் இருப்பதனால், தினையோடு குரக்கனையும் சாமையையும் கலந்து கொடுப்பது நல்லது. வளர்ந்த குருவி தினையை மாத்திரம் தின்று நெடுங்காலம் உயிரோடிருக்கும்; அதைப் பார்த்துத்தான் தீன் போதுமென்று நாம் நினைத்துவிடுகிறோம்.

குஞ்சு இருக்கும் காலத்தில் முட்டைத் தீன் கட்டாயம் வேண்டும். கோழிமுட்டை ஒன்றை 10 நிமிடங்களுக்குக் குறையாமல் அவித்து, அதன் கோதோடு சேர்த்து மசித்து, காய்ந்த பாண் தூளோடு உதிரியாகும்வரை பிரட்டிக் கொள்ளுங்கள். உங்கள் 4 சோடிக்கும் காலையில் பாதி முட்டை போதும். நம்முடைய வெயிலில் அது இரண்டு மூன்று மணி நேரத்தில் கெடத் தொடங்கும் என்பதால், மீதியை அதற்குள் எடுத்து எறிந்துவிட வேண்டும். மாலையில் வேண்டுமானால் புதிதாக வையுங்கள். குஞ்சு பொரித்த பின்னர் இதைத் தொடங்கினால் பயனில்லை. பழகாத உணவைப் பின்ச் பல நாட்கள் ஏறெடுத்தும் பார்க்காது. ஆதலால், முட்டைகளை அடைகாக்கும் காலத்திலேயே சிறிது சிறிதாக வைத்துப் பழக்கிவிட வேண்டும்.

இதற்கு அடுத்தது முளைகட்டிய தினை. 12 மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, ஈரத்துணியில் ஒரு நாள் வைத்தால் வெள்ளை முளை தலைகாட்டும். அந்த நிலையில் கொடுக்கலாம். இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் வைத்து, நான்கு நாட்களில் எத்தனை முளைக்கின்றன என்று பார்த்தால், கடைக்காரர் கொடுத்த தினை புதியதா பழையதா என்பது தெரிந்துவிடும். பாதிகூட முளைக்காத தினையை நான் வாங்குவதில்லை. முளை கட்டியதில் புளித்த வாடை வந்தால், எவ்வளவு இருந்தாலும் அப்படியே கொட்டிவிடுங்கள்.

பெரும்போக அறுவடை முடிகிற இந்த நாட்களில், வாய்க்கால் கரைகளிலும் வேலியோரங்களிலும் கினிப்புல் கதிர்விட்டு நிற்கிறது. பால் பிடித்த பச்சைக் கதிரை ஒரு கட்டு அறுத்து வந்து கூண்டில் தொங்கவிட்டுப் பாருங்கள். முட்டைத் தீனைத் தொடாத குருவிகூட அதில் போய்த் தொங்கும். ஆனால் களைநாசினியோ பூச்சிநாசினியோ தெளித்த வயலின் வரம்பிலிருந்து ஒரு கதிரையும் எடுக்கக் கூடாது. எங்கே தெளித்தார்கள் என்பது வயற்காரருக்குத் தெரியும், கேட்டுவிட்டே அறுங்கள்.

கல்சியத்துக்காக நீங்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை. கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் ஐந்து நாட்கள் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்துக் கம்பியில் கட்டிவிடுங்கள். பெட்டைகள் முட்டையிடும் நாட்களில் அதை எவ்வளவு ஆவலாகக் கொறிக்கின்றன என்பதைக் காண்பீர்கள்.

சொல்ல மறந்த ஒன்று: தீன் கோப்பை நிறைந்திருப்பதாகத் தோன்றினாலும், மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கக்கூடும். பின்ச் ஒவ்வொரு மணியையும் உமி நீக்கித்தான் விழுங்குகிறது. காலையில் ஊதிப் பார்த்து நிரப்புங்கள்.

கல்லடி வாசி

நானா, இவ்வளவு பொறுமையாக எழுதியமைக்கு மிகவும் நன்றி. நேற்றும் இன்றுமாக 3 குஞ்சுகள் தரையில் கிடந்தன. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். இரண்டின் தீன்பை முற்றாக வெறுமையாக இருந்தது. ஆனால் மூன்றாவது குஞ்சின் தீன்பை நிறையத் தினை இருந்தது; அதன் தலையில் கொத்திய காயம் போன்ற ஒரு சிவப்புத் தழும்பும் இருந்தது. முட்டைத் தீனை இன்று வைத்தேன். எந்தக் குருவியும் அருகில்கூட வரவில்லை. கினிப்புல் கதிரை வைத்த கணமே எல்லாம் அதில் தொங்கின.

பதில் 2: களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை

தம்பிக்கு வணக்கம்.

சம்மாந்துறை நானா தீனைப் பற்றிக் கூறியவை அனைத்தும் சரி. அவற்றை நான் திரும்பக் கூறவில்லை. நிறைந்த தீன்பையோடு கிடந்த அந்த மூன்றாவது குஞ்சைப் பற்றியே எழுத விரும்புகிறேன். உங்கள் கூண்டில் இரண்டு காரணங்கள் ஒருசேர இயங்குகின்றன என்பதை அது காட்டுகிறது. தீனை மாத்திரம் திருத்தினால் சில குஞ்சுகள் பிழைக்கும், மற்றவை தொடர்ந்து தரையில் விழும்.

முதலில் பெங்கலீஸ் பின்ச்சுகளை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். அவை மிகவும் சாதுவான பறவைகள். மற்றப் பறவைகள் கைவிட்ட குஞ்சுகளையும் வளர்த்துக் கொடுப்பவை என்று பெயர் பெற்றவை. ஆனால் கூட்டமாக ஒரே கூட்டுக்குள் நெருங்கிப் படுத்துறங்குவது அவற்றின் இயல்பு. மாலையானதும் உங்கள் ஐந்து பெங்கலீஸ்களும் ஏதாவது ஒரு முட்டிக்குள் நுழையப் பார்க்கும்; அந்த முட்டிக்குள் சீப்ராவின் குஞ்சுகள் இருந்தால், உள்ளே இருக்கும் சீப்ரா கொத்தும், நுழைந்தவை மிதிக்கும், இந்த நெருக்கடியில் மூன்று நாட் குஞ்சு வாசலுக்கு வெளியே தள்ளப்படும். ஒரு நாள் மாலை 5 மணி முதல் இருட்டும்வரை கூண்டுக்குச் சற்றுத் தூரத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்து பாருங்கள். நான் சொல்வது உண்மையா இல்லையா என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது கூடுகளின் எண்ணிக்கை. 4 சோடிக்கு 5 கூடுகள் போதா. 8 கூடுகளாவது வேண்டும், அவையெல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒரு கூடு இருந்தால் அதற்காகவே சண்டை மூளும். இந்த அளவுக் கூண்டில் 4 சோடிக்கு மேல் சேர்க்க வேண்டாம். மூன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

மூலையில் எப்போதும் தும்பு கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் அறியாமல் செய்யும் பிழை இது. சீப்ரா சேவலுக்குத் தும்போ புல்லோ கண்ணில் படும்வரை கட்டுவதை நிறுத்தத் தெரியாது. பெட்டை முட்டையிட்ட பின்னரும் அது தும்பைக் கொண்டுவந்து முட்டைகளின் மேலே போட்டு மூடிவிடும். பெட்டை அந்தப் புதிய மெத்தையின் மேல் மறுபடியும் முட்டையிடும். அடியிலுள்ள முட்டைகள் குளிர்ந்து கெட, அல்லது பொரித்த குஞ்சுகள் புதைந்து போக, கூடு அடுக்கடுக்காக உயர்ந்து வாசல் மட்டத்துக்கு வந்துவிடும். அப்படி உயர்ந்த கூட்டிலிருந்து குஞ்சு விழுவதற்கு யாரும் தள்ள வேண்டியதே இல்லை. ஆகவே முதல் முட்டையைக் கண்ட அன்றே தும்பை முழுவதுமாக அகற்றிவிடுங்கள். தும்பைக் கொடுக்கும்போதும் விரல் நீளத்துக்கு வெட்டியே கொடுக்க வேண்டும். நீண்ட நாரும் நூலும் காலில் சுற்றி இறுகிக் குருவியின் காலையே இழக்கச் செய்துவிடும்.

தகரக் கூரைக்கு மேலே கிடுகு வேயுங்கள். வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால், தகரத்துக்கு ஒரு முழம் கீழே தொங்கும் மண்முட்டி அடுப்பில் வைத்ததற்குச் சமம். குளிப்பதற்கு ஒரு தட்டையான பாத்திரத்தில் அரை அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். அடைகாக்கும் பறவை நனைந்து வந்து முட்டையின் மேல் அமர்வது, வறண்ட காலத்தில் முட்டைக்கு வேண்டிய ஈரப்பதனையும் கொடுக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 9 மாதங்களுக்குள் 5 அடைகள் என்பதே எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது, அவற்றில் எத்தனை ஒரே பெட்டையினுடையவை என்று நீங்கள் குறிப்பிடாவிட்டாலும். சீப்ரா பின்ச் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குரிய பறவை. அங்கே மழை எப்போது பெய்யும் என்று சொல்ல முடியாது; பெய்து புல் கதிர்விட்டால் உடனே கூடு கட்டி முட்டையிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உடலில் பதிந்துள்ள ஒழுங்கு. தண்ணீரும் தீனும் கூடும் எந்நாளும் கிடைக்கும் நம்முடைய கூண்டு, அதற்கு முடிவில்லாத மழைக்காலம். அது தானாக நிறுத்தாது. நாம்தான் நிறுத்த வேண்டும். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று அடைகளுக்கு மேல் விடக் கூடாது. 6 மாதம் நிரம்பாத பெட்டையைச் சோடி சேர்க்கவே கூடாது. இளம் பெட்டைகளுக்கும் ஓய்வில்லாமல் இட்டுக் களைத்த பெட்டைகளுக்கும்தான் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். இறகை உப்பிக்கொண்டு தரையில் அமர்ந்திருக்கும் பெட்டையைக் கண்டால் உடனே தனியாக எடுத்து, இளஞ்சூடான இடத்தில் வைத்து, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். பல வேளைகளில் மறுநாள் வரை அது தாங்காது.

வயலில் பிடித்த சில்லைகளைத் தயவுசெய்து வாங்க வேண்டாம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நம் நாட்டின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்தினர் அறிந்தால் பிடித்தவரோடு வைத்திருந்தவரும் பொறுப்புக் கூற வேண்டிவரலாம். சட்டத்தை விட்டுவிட்டாலும், வயலிலிருந்து வரும் பறவை ஒட்டுண்ணிகளையும் நோயையும் கூடவே கொண்டுவரும். பிடிபட்ட அதிர்ச்சியில் தீன் தொடாமல் இறந்தும் போகும். உங்களிடமிருக்கும் பெங்கலீஸ் பின்ச், நம் நாட்டிலும் வாழ்கிற வெண்முதுகுச் சில்லையின் இனத்திலிருந்து சீனத்திலும் யப்பானிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பழக்கப்பட்ட பறவை. சில்லையை அருகிலிருந்து பார்க்கும் ஆசை இருந்தால் அவற்றையே பாருங்கள். வயலில் இருப்பவை வயலிலேயே இருக்கட்டும்.

பதில் 3: அக்கரைப்பற்று, குளத்தடி

ஒரே ஒரு விடயத்தைச் சேர்க்கிறேன். என் கூண்டில் மூன்று அடைக் குஞ்சுகளை ஒரே இரவில் எறும்புகள் கொன்றுவிட்டன. முட்டைத் தீனின் துணுக்குகள் தரையில் சிந்தினால் எறும்பு வரும். தீனைத் தேடி வந்தது பின்னர் கூட்டுக்கும் ஏறும். கூண்டின் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய பேணிகளுக்குள் நிறுத்துங்கள். நிலத்தில் நேரே எழுப்பிய கூண்டாக இருந்தால், கூடுகளைத் தொங்கவிட்ட கம்பிகளில் கிரீஸ் தடவலாம், ஆனால் குருவியின் இறகு அதில் படாத இடமாகப் பார்த்துத் தடவ வேண்டும்.

முளைகட்டிய தினையைப் பற்றி நானா கூறியதில் ஒரு திருத்தமும் கூற விரும்புகிறேன். கார்த்திகை, மார்கழி அடைமழையில் அதைக் கொடுக்க வேண்டாம். அந்த நாட்களில் உலர்ந்த தினையே சாக்குக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது. ஊறவைத்ததைக் காப்பாற்றவே முடியாது. நான் அந்தக் காலத்தில் குருவிகளை முட்டையிடவே விடுவதில்லை.

சம்மாந்துறை வயலோரம்

அக்கரைப்பற்றுச் சகோதரர் கூறியது முற்றிலும் சரி. நான் எழுதியது இந்தப் பங்குனி, சித்திரை வெயிலை மனத்தில் வைத்து எழுதியது. மழை மாதங்களில் நானும் கொடுப்பதில்லை. அதை அங்கேயே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

கல்லடி வாசி (இரண்டரை மாதங்களுக்குப் பின்)

நானாவுக்கும் டீச்சருக்கும் அக்கரைப்பற்று அண்ணனுக்கும் வணக்கம். நடந்தவற்றை அறிவிப்பது என் கடமை என்று எழுதுகிறேன்.

டீச்சர் சொன்னபடி ஒரு மாலை முழுவதும் கதிரை போட்டு அமர்ந்திருந்தேன். இருட்டுவதற்குச் சற்று முன்னர் ஐந்து பெங்கலீஸ்களும் வரிசையாக ஒரே முட்டிக்குள் நுழைந்தன. உள்ளே இருந்த சீப்ரா சோடி நெடுநேரம் கத்திக்கொண்டிருந்தது. மறுநாளே அவற்றைத் தனிக் கூண்டுக்கு மாற்றினேன். பழைய முட்டிகளைக் கழற்றிப் பார்த்தபோது, ஒன்றினுள் மூன்று அடுக்குத் தும்பும், அடியில் கெட்டுப்போன 4 முட்டைகளும் இருந்தன. எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, 8 கூடுகளாக ஒரே மட்டத்தில் கட்டினேன். கூரைக்குக் கிடுகு வேய்ந்தாயிற்று. முட்டைத் தீனைக் குருவிகள் ஆறாம் நாள்தான் தொட்டன. கினிப்புல் விதைகளை அதன் மேலே தூவி வைத்தது உதவியது.

இரண்டு சோடிகளை மாத்திரம் முட்டையிட விட்டேன். மற்ற இரண்டு பெட்டைகளைப் பெங்கலீஸ்களோடு ஓய்வாக விட்டிருக்கிறேன். 9 குஞ்சுகள் பொரித்தன. அவற்றில் 8 குஞ்சுகள், பொரித்து 19 முதல் 21 நாட்களுக்குள் கூட்டை விட்டு வெளியே வந்தன. கறுத்த அலகோடு அவை கம்பில் வரிசையாக அமர்ந்து தந்தையிடம் தீன் கேட்டுக் கழுத்தைத் திருப்பிக் கத்துவதை என் மகள் பாடசாலை விட்டு வந்ததும் முதலில் போய்ப் பார்க்கிறாள்.

இப்போது ஒரு புதிய சிக்கல். மூத்த குஞ்சுகளுக்கு 40 நாட்கள் ஆகின்றன. கடந்த மூன்று நாட்களாகச் சேவல் அவற்றில் இரண்டை மாத்திரம் விடாமல் துரத்துகிறது. தாயும் மறுபடி கூட்டுக்குள் போய்வரத் தொடங்கிவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை

மிகவும் மகிழ்ச்சி தம்பி. உங்கள் மகளிடமும் சொல்லுங்கள்.

துரத்தப்படும் அந்த இரண்டின் அலகை உற்றுப் பாருங்கள்; கறுப்பு மாறிச் செம்மஞ்சள் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். கறுத்த அலகு உள்ளவரைதான் தந்தைக்கு அது குஞ்சு. 35 நாட்கள் கடந்தால் குஞ்சுகள் தாமாகவே உமி நீக்கித் தின்னும். ஆகவே 40 நாளானவற்றை இன்றே பிரித்துவிடலாம். பிரித்த முதல் நாட்களில் தினையைக் கோப்பையில் மாத்திரமன்றித் தரையில் ஒரு தட்டிலும் பரப்பி வையுங்கள். சில நாட்கள் முட்டைத் தீனையும் தொடருங்கள். கன்னத்துச் செம்மஞ்சள் பொட்டும் கழுத்து வரியும் 8 முதல் 10 வாரங்களில் சேவல்களில் தெளிவாகத் தெரியும்; அப்போது ஆணையும் பெண்ணையும் வேறாக்கி, எந்தச் சோடியின் பிள்ளை என்று அடையாளம் தெரிய இரண்டு நிறத்தில் கால்வளையம் போட்டுவிடுங்கள். உடன்பிறந்தவை தம்முள் சோடி சேரக் கூடாது.

தாய் மறுபடி கூட்டுக்குள் போகிறது என்றால் இன்று மாலைக்குள் எல்லாக் கூடுகளையும் கழற்றி எடுங்கள். பெற்றவைக்கு முட்டைத் தீனையும் நிறுத்திவிடுங்கள். கச்சான் தொடங்கிவிட்டது. ஆவணி கழியும்வரை அவை கம்பிலேயே உறங்கட்டும்.